ஓப்பன் பேப்பரில வாங்கின ஸ்கூட்டி: மூணு வருசத்து ரிவியூ

பொங்கலுக்கு வீட்ட வந்த பெரியம்மாட மகன், பழைய ஸ்கூட்டி ஒண்டு பாத்து வெச்சிருக்கன் அண்ணன், எடுக்கட்டா விடட்டா எண்டு கேட்டான், அதுக்கு முந்தின கிழம கம்பஸ்ல எனக்கு ஜூனியரா இருந்தவன் ஒருத்தன் கோல் எடுத்து இதையேதான் கேட்டான். ரெண்டு பேருக்கும் அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக் கத்தித் தொண்ட கட்டினதுதான் மிச்சம், அதால எழுதியே போடுறன். இது பெட்டியில இருந்து எடுத்துப் பளபளண்டு படம் காட்டுற ரிவியூ இல்ல, மூணு வருசம் அதுக்கு மேல குந்தி, அத உருட்டி, அதால விழுந்து, அதுக்காகக் கடன்பட்டவன் சொல்றது.

சாமான் என்ன எண்டா இந்தியாவில செஞ்ச 110 சிசி ஸ்கூட்டி, நம்மட மட்டக்களப்புப் பக்கம் ரோட்டில நிண்டு கல்லெறிஞ்சா அந்த மொடல்லதான் போய்ப் படும், பேர் சொல்லத் தேவல்ல.

வாங்கினது 2022 டிசம்பர். வாகனம் வாங்கிறதுக்கு அத விடக் கேடுகெட்ட நேரம் இருக்கேலா. 2020 மார்ச்ல இறக்குமதிய நிப்பாட்டினாக்கள், புதுசு ஒண்டும் உள்ள வரல்ல, கிடந்த பழசெல்லாம் பவுண் மாதிரி விலை ஏறிப் போய் நிண்டது. 2022 ஜூன் கடைசியில பெற்றோல் லீட்டர் 470 ரூபா, சைக்கிள் வாங்கப் போனாக் கூட கடைக்காரன் நம்மள மேல கீழ பாத்திட்டுத்தான் விலை சொல்லுவான். நான் குடுத்தது 4 லட்சத்து 90 ஆயிரம், அதுவும் ஆறு வருசம் ஓடின சாமானுக்கு. அம்மாட ரெண்டு காப்பு பேங்குக்குப் போச்சு, மிச்சம் கட்டாரில நிக்கிற மாமா அனுப்பினார், அனுப்பிட்டு இண்டைக்கு வரைக்கும் கோல் எடுத்தா முதல்ல கேக்கிறது ஸ்கூட்டி எப்பிடிடா மருமகன் எண்டுதான், என்னப் பத்தி அதுக்குப் பிறகுதான் கேப்பார்.

வாங்கக்குள்ள நான் சரியாச் செஞ்ச ஒரே விசயம் துருப் பாத்தது. கடக்கரை வண்டி வாங்கப் போறாக்கள் சீற்றக் கழட்டி, கால் வைக்கிற பலகைக்குக் கீழ டோச் அடிச்சிப் பாருங்க. நமக்கு இஞ்சால கடல் அங்கால ஆறு, உப்புக்காத்து சும்மா விடாது, மேல பெயின்ற் மினுங்கும், உள்ள செஸி கிறீம் கிறேக்கர் மாதிரி உதிரும். என்ட ஸ்கூட்டி நம்பர் பிளேட்டில யூ.பீ. எண்டு கிடந்தது, ஊவாப் பக்கத்து வண்டி, பதுளைப் பக்கம் மலையில ஓடினது, துரு எண்டு ஒரு பொட்டில்ல. ஆனா மலை ஏறி இறங்கின வண்டிக்கு வேற வருத்தம் இருக்கும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல. பிரேக் ஷூ முடிஞ்சி, கிளச் ஷூ முடிஞ்சி, முன் ஷொக்கில எண்ணெய் வழிஞ்சி, முதல் மாசமே 28 ஆயிரம். கராஜ் பாஸ் சிரிச்சிச் சிரிச்சித்தான் பில் எழுதினார்.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். வண்டி இல்ல பிரச்சின, பேப்பர். ஓப்பன் பேப்பர் எண்டா தெரியாதாக்களுக்குச் சொல்றன், வண்டிட பதிவுப் புத்தகத்தில பேர் இருக்கிறவர் பேர் மாத்துற போமில கையெழுத்த மட்டும் வெச்சித் தருவார், வாங்கிறவர்ர பேரும் திகதியும் வெறுமையாக் கிடக்கும், அது அப்பிடியே கை மாறி கை மாறிப் போகும், கடைசியா ஆர் மாத்தோணும் எண்டு நினைக்கிறாரோ அவர் பேர நிரப்பிக்கிடலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். என்ட ஸ்கூட்டிட முதல் ஆள் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து அண்ணன், ரெண்டாவது ஆள் செங்கலடிப் பொடியன், அவன் பேர் மாத்தாமலே ஓடி, வாகனம் வாங்கி விக்கிற ஒருத்தருக்குக் குடுத்திட்டு டோஹா போயிட்டான், அவருக்கிட்ட இருந்து நான். காசக் குடுத்து, சாவிய வாங்கி, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைச்ச பிறகுதான் போம விரிச்சிப் பாக்கிறன், ஒரு இடத்தில கையெழுத்து விடுபட்டிருக்கு, அடையாள அட்ட போட்டோக்கொப்பி ஒரே கறுப்பு, அந்த மனிசன்ட முகமும் தெரியல்ல நம்பரும் தெரியல்ல. பேர் மாத்தக் கொண்டு போய்க் குடுத்த இடத்தில ஒரு பார்வையோட திருப்பித் தந்திட்டாங்க. குறை என்னிலதான், நாலு லட்சத்த எண்ணிக் குடுத்தவன் நாலு தாள எண்ணிப் பாக்கல்ல.

அந்த நேரம் பெற்றோலப் பங்கு போட்டுக் குடுத்த கியூஆர் கோட் காலம் எண்டு மறந்திருக்க மாட்டீங்க. மோட்டசைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். கியூஆர் செங்கலடிப் பொடியன்ட அடையாள அட்டையில, அவன்ட போன் நம்பரில பதிஞ்சி கிடக்கு, ஆள் டோஹாவில. வாட்ஸப்பில படம் எடுத்து அனுப்பி விட்டான், நல்ல பொடியன் எண்டு நினைச்சன். ரெண்டாங் கிழம பெற்றோல் ஷெட்டுக்குப் போனா, ஸ்கான் பண்றவர் சொல்றார் தம்பி உங்களுக்கு ஒண்டரை லீட்டர்தான் மிச்சம் எண்டு. நான் கிழமை முழுக்க வண்டிய எடுக்கவே இல்ல! மறுகாத்தான் விளங்கிச்சு, அவன்ட தம்பிக்காரன் அதே படத்த வெச்சி வேற ஒரு மோட்டசைக்கிளுக்கு அடிச்சிக் கொண்டு திரியிறான், அங்க ஆரும் நம்பர் பிளேட்டப் பாக்கல்ல போல. டோஹாவுக்குக் கோல் எடுத்துச் சண்ட பிடிச்சி, கடைசியில நம்பர மாத்திறதுக்கு ஓடிபி வேணும் எண்டு வந்தா சிம் அவன்ட அம்மாட்ட. அந்த அம்மா போன்ல ஒவ்வொரு இலக்கமா வாசிக்கிறா, "ஆறு மனே... பொறு கண்ணாடிய எடுக்கன்... இது ஒம்பதா ஆறா?" எண்டு, அதுக்குள்ள நேரம் முடிஞ்சி திரும்பப் புது ஓடிபி. நாலாந்தரம் சரி வந்திச்சு. 2023 செப்டம்பர்ல கியூஆர எடுத்தாங்க, அண்டைக்கு எனக்கு ஞாபகம் வந்தது அரசாங்கம் இல்ல, அந்த அம்மாதான்.

இப்ப மெசினப் பத்தி. லீட்டருக்கு 38, 40 கிலோமீற்றர் ஓடும், தனிய எண்டா. பின்னால ஆள் ஏத்தினா, கச்சான் காத்து எதிர்த்து அடிச்சா, 33க்கு இறங்கும். டேங்கில அஞ்சு லீட்டர் சொச்சம் கொள்ளும். பெற்றோல் முள்ள நம்பாதீங்க, என்ட வண்டியில அது பாதியில நிண்டு நிண்டு திடீரெண்டு விழும், வெளியால பாத்தா எல்லாம் நல்லா இருக்கு எண்டு சொல்லிக் கொண்டே இருந்து ஒரு நாள் ஒண்டுமில்லாமப் போன நம்மட டொலர் கையிருப்பு மாதிரி. எனக்கு அது விழுந்தது கல்லடிப் பாலத்தில. வேல இன்ரவியூ, வெள்ளச் சேட், அயன் மடிப்புக் கலையக்கூடா எண்டு நிமிந்து குந்திக் கொண்டு போறன், புதுப் பாலத்துக்கு நடுவில வண்டி இருமிச்சு, நிண்டிச்சு. பக்கத்தில 1924ல திறந்த பழைய இரும்புப் பாலம், வாகனம் இல்லாம ஆக்கள் நடந்து காத்து வாங்கிற இடம், காலமைக்கு நடக்க வந்த ஐயாமார் அங்கால நிண்டு நான் ஸ்கூட்டி தள்ளுறதப் பாத்திட்டு நிக்காங்க. மீன் பாடுற ஆறாம். அண்டைக்கு ஒரு மீனும் பாடல்ல. இன்ரவியூவுக்குப் போய்ச் சேரக்குள்ள சேட் உடம்போட ஒட்டிப் போய்க் கிடந்தது, கேட்ட முதல் கேள்வி சொந்த வாகனம் இருக்கா எண்டு.

அந்த வேலை கிடைச்சிது. பேர் சொல்ல மாட்டன், நுண்கடன் குடுக்கிற ஒரு கொம்பனி, எனக்குத் தந்தது அறவிடுற வேல. வந்தாறுமூலைக் கம்பஸ்ல நாலு வருசத்துப் படிப்ப கொரோனாவுக்கும் பெற்றோல் கியூவுக்கும் இடையில இழுத்து இழுத்து முடிச்சவனுக்கு, காந்திப் பூங்காவில வேல கேட்டுப் பதாகை பிடிச்சிக் கொண்டு நிக்கிறத விட இது பரவாயில்ல எண்டுதான் போனன். ஆத்துக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் ஊர் ஊராப் போகோணும், கிழமைக் காசு, பொம்புளயள் குழுவாச் சேந்து எடுத்தது, ஒருத்தி கட்டாட்டி மத்தவங்க கட்டோணும். ஸ்கூட்டிட உண்மையான தரம் எனக்கு அந்த ரோட்டுகளிலதான் தெரிஞ்சது, கிறவல் ரோட்டில பின் சக்கரம் வழுக்கிறது, வயல் வரம்பில திருப்ப இடமில்லாமத் தூக்கித் திருப்புறது (100 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, தூக்கலாம், மறுநாள் முதுகு சொல்லும்). ஆனா அத விடத் தெரிஞ்சது வேற. ரெண்டு மாசத்தில என்ட ஸ்கூட்டிச் சத்தம் அந்தப் பக்கம் எல்லாருக்கும் பாடம். சத்தம் கேட்டாச் சின்னப் பிள்ள ஒண்டு படலையில வந்து நிண்டு அம்மா இல்ல எண்டு சொல்லும், பின்னால குசினிக் கூரையால புகை வரும். ஒரு இடத்தில அந்தப் பிள்ள, அம்மா உள்ள இல்ல எண்டு சொல்லச் சொன்னவ எண்டே சொல்லிச்சு. சிரிச்சிட்டுத் திரும்பி வந்தன், வாற வழியெல்லாம் சிரிப்பு வரல்ல. நெல்லு விலை விழுந்தா, மழை பிழைச்சா, அந்தக் காசு எங்க இருந்து வரும் எண்டு கடன் குடுக்கிறவனுக்கும் தெரியும், தெரிஞ்சிதான் குடுக்கிறான். வட்டியக் குறைக்கோணும் எண்டு மேடைக்கு மேடை பேசுறாக்கள் ஒருக்கா அந்தப் படலையில போய் நிண்டு பாக்கோணும். ஏழு மாசத்தோட விட்டிட்டன். சைலன்சரையும் மாத்தினன், பழுதெண்டு இல்ல, அந்தச் சத்தம் வேணாம் எண்டு.

அதுக்குப் பிறகு ஒன்லைன் ஓடருக்குப் பார்சல் குடுத்தன், காசுக்கு நட்டம் கதைக்கு லாபம், அத விடுங்க. இப்ப களுவாஞ்சிகுடியில ஒரு கொமினிகேசன், போட்டோக்கொப்பி, போம் நிரப்புறது, ஒன்லைன் அப்ளிகேசன். ஓம், ஊருக்கெல்லாம் போம் நிரப்பிக் குடுக்கிறவன்ட சொந்தப் போம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு.

கராஜைப் பத்தியும் ஒரு வசனம் சொல்லோணும். நல்ல பாஸ், கை சுத்தம், பழைய பாட்டக் கழட்டினா கையில தந்து காட்டுவார். ஒரே குறை அரசியல். 2024 நவம்பர் எலக்சன்ல 22 தேர்தல் மாவட்டத்தில 21 தேசிய மக்கள் சக்திக்குப் போக, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சிக்கு நிண்டது எல்லா, அந்த ரெண்டு கிழமையும் ஸ்கூட்டி கழட்டினபடி கிடக்கு, பாஸ் ஸ்பனரக் கையில வெச்சிக் கொண்டு, யாழ்ப்பாணமே மாறிட்டு நாம ஏன் மாறல்ல எண்டு ஒருத்தரோட, நாம ஏன் மாறோணும் எண்டு இன்னொருத்தரோட, ரெண்டு பக்கமும் அவரே வாதாடுறார். நான் ஆருக்குப் போட்டன் எண்டு கேட்டார், வண்டியத் தந்தாச் சொல்றன் எண்டன். எனக்கெண்டா, புதுசா வந்தாக்கள் களவெடுக்கல்ல எண்டு சொல்றது நல்லதுதான், ஆனா எங்கட பக்கத்து அலுவலகத்துக்குப் போற தமிழ்ப் போமும் கடிதமும் தமிழிலயே திரும்பி வருதா எண்டுதான் நான் பாப்பன், என்ட தொழில் அது. 2025 தொடக்கத்தில கிளீன் ஸ்ரீலங்கா எண்டு பஸ்ஸிலயும் ஓட்டோவிலயும் பூட்டின சோடினை எல்லாம் கழட்டச் சொன்ன நேரம் பொலிஸ் என்னையும் மறிச்சாங்க, முன்னால நீல லைட் ஒண்டு பூட்டியிருந்தன், முன்னால வாறவனுக்குக் கண் கூசுற லைட்தான், கழட்டச் சொன்னது சரிதான். ஆனா கழட்டச் சொன்னவர் புத்தகத்தக் கேட்டிருந்தா என்ட கதை கந்தல்.

அதே வருசம் பெப்ரவரியில வாகன இறக்குமதியத் திறந்தாங்க. இனி விலை விழும், இத வித்திட்டுப் புதுசு எடுக்கலாம் எண்டு நான் கனாக் கண்டன். வரியெல்லாம் போட்டு வந்த புதுசுட விலையக் கேட்டிட்டு வந்து பழசுக்குச் சீற் கவர் மாத்தினன்.

ஆவணியில கலியாணம். தெரியாதாக்களுக்கு, நம்மட பக்கம் மாப்பிள்ளதான் பொம்புளட வீட்ட போய் இருக்கிற, வீடு வளவு எல்லாம் பொம்புளப் பிள்ளட பேரில. அப்ப நான் எழுவான்கரையில இருந்து ஆத்துக்கு அங்கால மண்டூர்ப் பக்கம் போனன், ஒரு சூட்கேசும் ஸ்கூட்டியும் சீதனம் மாதிரி. வீடு மனிசிட பேரில, ஸ்கூட்டி பதுளை அண்ணன்ட பேரில, என்ட பேரில இருந்தது லைசன் ஒண்டுதான், அதுலயும் விலாசம் பழசு.

வேலைக்கு வாறதுக்கு ரெண்டு வழி. வெல்லாவெளி, போரதீவு சுத்தி பட்டிருப்புப் பாலத்தால வரலாம், அல்லாட்டி குருமண்வெளிக்குப் பாதையில. பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆத்தக் கடக்கிற மிதக்கிற தட்டு, சனம், சைக்கிள், மோட்டசைக்கிள், மீன்பெட்டி, பள்ளிப் பிள்ளையள் எல்லாம் ஒண்டா நிண்டு வாறது. பாலம் வரும் எண்டு எலக்சனுக்கு எலக்சன் கேள்விப்படுறம், அது வரட்டும், பாதையில காலமை ஆறரைக்கு நிண்டு பாருங்க, வெயில் ஏறாத ஆறு, அந்த இருவது நிமிசம் ஒருத்தரும் உங்களுக்கிட்ட ஒண்டும் கேக்க ஏலா. ஸ்கூட்டிக்காரருக்கு மட்டும் ஒரு அறிவுரை, சைட் ஸ்டாண்ட் போடாதீங்க, பெரிய ஸ்டாண்ட்தான். நான் முதல் கிழமையே சைட் ஸ்டாண்டப் போட்டுட்டுப் போனைப் பாத்துக் கொண்டு நிண்டன், கரையில பாதை முட்டின முட்டுக்கு ஸ்கூட்டி அப்பிடியே சரிஞ்சி ஒரு அக்காட இறால் பெட்டிக்கு மேல. தட்டு முழுக்க இறால் துள்ளுது, ஏறி நிண்ட அத்தின பேரும் குனிஞ்சி பொறுக்கிறாங்க, அந்த அக்கா ஏசல்ல, "புது மாப்பிள்ளையா? மண்டூர்ல ஆர்ர வீட்ட?" எண்டு கேட்டா. சொன்னன். பொழுதுபட வீட்ட போகக்குள்ள மாமிக்குக் கதை தெரியும்.

தயிர்க் கதையையும் சொல்லத்தான் வேணும். மனிசிட அப்பா, என்ட மாமாட எருமைத் தயிர், முட்டியோட அம்மாக்குக் குடுத்து விட்டார், முன்னால கொழுக்கியில தொங்க விட்டன். அந்தக் கொழுக்கி மரக்கறிப் பைக்குச் செஞ்சது, தயிர் முட்டிக்கு இல்ல. ஒரு பம்பில முட்டி முன் பிளாஸ்டிக்கில அடிச்சி வெடிச்சி, தயிர் முழுக்க என்ட சப்பாத்துக்குள்ள. கழுவினன், காஞ்சிது, ஆனா ரெண்டு நாளா எந்தச் சந்தியில நிப்பாட்டினாலும் நாய் வந்து ஸ்கூட்டிய நக்கிச்சு.

பெல்ட்ட மட்டும் நேரத்துக்கு மாத்துங்க. ஸ்கூட்டிக்குச் செயின் இல்ல, உள்ள றப்பர் பெல்ட், இருவதாயிரம் கிலோமீற்றர் தாண்டினா ஒருக்காத் திறந்து வெடிப்பு இருக்கா எண்டு பாக்கோணும். நான் பாக்கல்ல. ஒக்டோபர்ல ஒரு நாள் கடைசிப் பாதை போயிட்டு, சுத்தி வாறன், வெல்லாவெளி தாண்டி ராவு எட்டு மணி, டப் எண்டு ஒரு சத்தம், என்ஜின் ஓடுது, சக்கரம் சுத்தல்ல. அந்தப் பக்கம் யானை வாற இடம், பகல்ல பேப்பரில வாசிக்கிற செய்தி ராவில ரோட்டில நிண்டா வேற மாதிரி. லைட்டப் போட்டா யானை பாக்குமோ, நூத்தா நான் யானையப் பாக்க மாட்டனோ எண்டு யோசிச்சிக் கொண்டே தள்ளுறன். மாமா லாண்ட்மாஸ்டர் உழவு மெசின்ல வந்தார், ஒண்டும் பேசல்ல, ஸ்கூட்டிய ஏத்தினார், என்னையும் ஏத்தினார், வீட்டடியில இறக்கிப் போட்டு "மனே, இதுக்குச் சைக்கிள் திறம்" எண்டார்.

நவம்பர் கடைசியில டித்வாப் புயல். நம்மட பக்கமும் வெள்ளம், மாமாட வயல் தண்ணிக்குள்ள, நான் ஸ்கூட்டியத் திண்ணைக்கு ஏத்தி வெச்சிட்டு எடுக்கவே இல்ல, 2024ல காரைதீவு மாவடிப்பள்ளியில மதரசாப் பிள்ளையளோட டிரக்டர் வெள்ளத்தில இழுபட்ட பிறகு ரோட்டுக்கு மேல ஓடுற தண்ணிக்குள்ள வண்டி இறக்கிறதில்ல எண்டு முடிவெடுத்திருந்தன். கறண்ட் வந்து போனைப் பாத்தா பதுளை முழுக்க மண்சரிவு. அப்ப எனக்கு மனசில முதல்ல வந்தது அந்தப் பதுளை அண்ணன் இல்ல, புத்தகம். அந்த ஆளுக்கு ஒண்டெண்டா இனி இது என்ட பேருக்கு மாறாது எண்டுதான் முதல் நினைவு ஓடிச்சு, பொய் சொல்லி என்ன. மறுகாத்தான் வெக்கமாப் போச்சு. 2023ல நாலைஞ்சு தரம் கோல் எடுத்து அடையாள அட்டக் கொப்பி கேட்டிருக்கன், அனுப்புறன் எண்டுவார், மறந்திடுவார், நானும் விட்டிட்டன், நேரில கண்டதே இல்ல. நம்பர் நாலு நாளா வேலை செய்யல்ல. அஞ்சாம் நாள் ரிங் போச்சு.

"உசுரோட இருக்கோம் தம்பி. லயத்துக்குப் பின்னாடி மலை சரிஞ்சிருச்சி, எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம்" எண்டார். பின்னால சனத்துச் சத்தம், பிள்ளை அழுற சத்தம். நான் என்ன சொல்ற எண்டு தெரியாம, ஏதாவது வேணுமா அண்ணன் எண்டு கேட்டன். ஒண்ணும் வேணாம், கேட்டதே போதும் எண்டார். மறுகா அவராவே கேட்டார், "வண்டி ஓடுதா? பேரு மாத்திட்டீங்கல்ல?"

மாத்திட்டன் அண்ணன் எண்டன்.

வேற என்ன சொல்ல? இப்ப போய் கையெழுத்துக் கேக்கிற முகம் எனக்கில்ல, வாற வருசத்து டக்ஸையும் அவர்ர பேரிலயேதான் எடுக்கோணும். ஸ்கூட்டி ஓடுது. புது பெல்ட், புது பற்றரி, மூணு வருசத்தில 31 ஆயிரம் கிலோமீற்றர், என்ஜின்ல கை வைக்கல்ல. மெசினுக்கு எண்டா நல்லா மார்க்ஸ் போடுவன், எடுங்க. ஆனா காசு குடுக்க முதல் புத்தகத்தில பேர் இருக்கிற ஆளக் கண்ணால கண்டு, அவரையும் கூட்டிக் கொண்டு போய் மாத்திட்டு எடுங்க, அவர் எந்த மலையில இருந்தாலும்.

பெரியம்மாட மகனுக்கும் இதத்தான் அரை மணித்தியாலம் சொன்னன். நேற்றுப் படம் அனுப்பியிருக்கான், எடுத்திட்டானாம், சிவப்பு, மாலையெல்லாம் போட்டு நிக்கிது. புத்தகம் ஆர்ர பேரில எண்டு கேட்டு மெசேஜ் போட்டன். ரெண்டு நீலக் கோடும் விழுந்திட்டு, பதில் இன்னும் வரல்ல.